நாலு நாளாக நல்ல நம்பர்

அத்தியாயம் 6

"எம் வூட்டுக்காரருக்கு இன்னொரு வூடு இருக்குதுக்கா."

சொல்லிவிட்டு சகாயராணி மடியிலிருந்த தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். மூடி இறுக மூடியிருந்தும் நெத்திலிக் குழம்பின் மணம் அறை முழுக்கப் பரவியது. எழிலரசன் மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்தான். இந்த ஆபீசுக்குக் கண்ணீரோடு வந்தவர்கள் உண்டு, கல்யாணப் பத்திரிகையோடு வந்தவர்கள் உண்டு. குழம்போடு வந்தவள் இவள்தான்.

வில்லியனூர் கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடையின் மாடி. 'தனக்கொடி துப்பறியும் நிலையம்' என்ற போர்டுக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில் 'திருமண விசாரணை ரகசியமாகச் செய்து தரப்படும்' என்று இருக்கும். தனக்கொடிக்கு ஐம்பத்து மூன்று வயது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலில் இறங்கியவள். எழிலரசன் அவளுடைய உதவியாளன், வேன் டிரைவர், தேவைப்பட்டால் மாப்பிள்ளையின் தூரத்துச் சித்தப்பா. நாற்பத்து நாலு வயது. ஷேர் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன். "அங்க பதினாறு பேரு பொலம்பறதக் கேக்கணும். இங்க ஒரு நேரத்துல ஒருத்தர்தான்" என்பது அவன் வேலை மாறியதற்குச் சொல்லும் காரணம்.

"எத்தினி நாளா?" என்றாள் தனக்கொடி.

"ஞாயித்துக்கெழமலேர்ந்துக்கா. ஆடிப் பட்டத்துக்கு ராவும் பகலும் உழவு ஓடுது, டிராக்டர் ஷெட்லயே படுத்துக்கறன், சனிக்கெழம வரன்னு சொல்லிட்டுப் போனாரு. காலைல ஆறரைக்கு ஒரு போன், சாயங்காலம் ஏழுக்கு ஒரு போன், தவறாது. இன்னிக்கு நெத்திலி நல்லதா கெடச்சுது. கொழம்பு வெச்சி எடுத்துட்டு ஷெட்டுக்குப் போனா ஓனரு என்னப் பாத்து முழிக்கிறாரு. 'அன்புராஜா? அவன் வேலைக்கு வந்து அஞ்சு நாள் ஆவுதேம்மா'ங்கறாரு. போன் அடிச்சா ரிங் போவுது, எடுக்க மாட்டறாரு."

"ஸ்டேஷன்ல சொன்னியா?"

"சொன்னன். அவருக்குப் பத்து வயசுலேர்ந்து சக்கரை, ஊசி போட்டாதான் உசுரு, காணோம்னு சொன்னன். இத்தக் காட்டினன்." போனை நீட்டினாள். "பாத்துட்டு, 'நம்பர் நல்லாத்தானம்மா வருது, ஆளு எங்கியோ சௌக்கியமா கீறாரு, தானா வருவாரு'ன்னு அனுப்பிச்சிட்டாங்க."

திரையில் பச்சை நிறத்தில் 104 என்று இருந்தது. பக்கத்தில் ஓர் அம்புக்குறி, சாய்வில்லாமல் நேராக.

எழிலரசனுக்கு அது புதிது அல்ல. தனக்கொடிக்கும் சர்க்கரை நோய். அவளுடைய இடது புஜத்தின் பின்புறத்திலும் இதே மாதிரி ஒரு சென்சார், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு, ரவிக்கைக் கையின் விளிம்புக்குக் கீழே ஒட்டியிருக்கும். அதன் அடியில் தலைமுடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இறங்கி நிற்கும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் சதையைச் சுற்றி ஊறியிருக்கும் நீரை. அந்த நீரில் சர்க்கரை எவ்வளவு என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கத்தில் இருக்கும் போனுக்குச் சொல்லும். போன் அதை வேண்டியவர்களுடைய போனுக்கும் அனுப்பிவைக்கும். அன்புராஜ் எந்த ஊரில் இருந்தாலும் அவன் உடம்பு சகாயராணியின் உள்ளங்கையில் ஓர் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் ஏற்பாடு.

"சென்சார் புதுசா எப்ப போட்டாரு?"

"ஞாயித்துக்கெழமதான். ஷெட்ல போயிப் போட்டுக்கறன்னு டப்பாவோட எடுத்துட்டுப் போனாரு. அதுலேர்ந்து நாலு நாளா நம்பரு அவ்ளோ நல்லா வருதுக்கா. நேத்து மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தன். அந்த சந்தோஷத்துலதான் நெத்திலியே வாங்கனன்."

"அப்ப அந்த வூட்ல சமையல் பத்தியமா இருக்குது போல" என்றான் எழிலரசன்.

"எழிலு!"

"அவரு சொல்றதுதான்க்கா என் மனசுலயும் ஓடுது" என்றாள் சகாயராணி.  "பதினோரு வருஷமா எஞ்சோத்துல ஏறி எறங்கின சக்கரை, அவ சோத்துல நேரா நிக்குது பாருங்க. அப்ப நான் இன்னாத்த பொங்கிப் போட்டன்?"

தனக்கொடி திரையை விரலால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். போன வாரத்துக் கோடு, காட்டுப்பன்றி புகுந்த கழனி மாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. இந்த வாரத்துக் கோடு பரம்படித்துச் சமமாக்கிய சேற்று வயல். அவள் முகம் மெல்ல மாறுவதை எழிலரசன் கவனித்தான். சாதாரணமாக ஒரு துப்புக் கிடைத்தால் தனக்கொடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள். இப்போது கழற்றவில்லை. இன்னும் நெருங்கிப் பார்த்தாள்.

"எழிலு, நேத்து மத்தியானம் பாரு. தொண்ணூத்தெட்டுல இருந்து நூத்தி முப்பத்தொண்ணுக்கு ஏறுது. ஒன்றரை மணி நேரத்துல திரும்ப தொண்ணூத்தொம்பது. சோறுதான் தின்னுருக்கணும். எனக்கு பன்னண்டு வருஷமா சக்கரை. பருக்கையை எண்ணித் தின்னு, யூனிட்டை எண்ணி ஊசி போட்டாலும் இப்பிடி ஒரு கோடு என் ஒடம்புல வந்ததில்ல."

"நல்லதுதானக்கா?" என்றான் அவன்.

"ரொம்ப நல்லது. அதான் பயமா இருக்குது." அவள் விரலால் இன்னொரு இடத்தைத் தொட்டாள். "இது இன்னிக்கு மதியம் ஒண்ணு பத்து. திடீர்னு அம்பத்தெட்டுக்கு விழுது. அரை மணி நேரம் அப்பிடியே கெடக்குது. அப்புறம் ஒண்ணும் திங்காமலே சட்டுனு தொண்ணூத்தேழுக்கு வந்துடுது. திங்கக்கெழமையும் அப்பிடித்தான். நேத்தும் அப்பிடித்தான்."

"நானும் பாத்து பதறிப் போன் பண்ணன்க்கா. எடுக்கல. அதுக்குள்ள அதுவே ஏறிடுச்சி."

"அது சக்கரை எறங்கினது இல்லம்மா. சென்சார் மேல படுத்தா அப்பிடிக் காட்டும். ஈர மண்ணுல கால வெச்சி அழுத்தினா அந்த எடத்துத் தண்ணி ஒதுங்கிடுது இல்ல? அதே மாதிரி. கையை நசுக்கிட்டுப் படுத்தா சென்சாருக்கு அடியில நீர் ஒதுங்கிடும், அதுக்கு அளக்க ஒண்ணும் இருக்காது. எழுந்து உக்காந்தா சரியாப் போயிடும். உன் வூட்டுக்காரரு மத்தியானம் தூங்குவாரா? சென்சார் ஒட்டின பக்கமா?"

சகாயராணி தலையாட்டினாள். "பகல்ல படுக்கவே மாட்டாரு. அதுவும் எடது பக்கம் படுக்கவே முடியாது, தோள்பட்டை எறங்கின கை. அதனாலதான் சென்சார எடது கைல ஒட்டுவாரு."

"செவ்வாய்க்கெழம விரதம் இருப்பாரா?"

"நாங்க வேதக்காரங்கக்கா. வெள்ளிக்கெழம கறி திங்க மாட்டோம், அவ்ளோதான்."

"செவ்வாய்க்கெழம இந்தக் கோட்டுல காலைச் சோறும் இல்ல, மத்தியானச் சோறும் இல்ல. சாயங்காலம் ஆறரைக்குத்தான் மொத ஏத்தம்." தனக்கொடி இப்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "உன் புருஷனுக்கு இன்னொரு வூடு இல்லம்மா. அவரு சென்சார் இன்னொருத்தர் கைல இருக்குது. சக்கரையே இல்லாத ஒருத்தர் கைல."

சகாயராணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வேறு பெண் இல்லை என்ற வெளிச்சம். எழிலரசன் அதைப் பார்த்தான். அது நின்றது மூன்று விநாடி. பிறகு அவள் போனைப் பார்த்தாள்.

"அப்ப அவரு நம்பர்?"

"தெரியாது."

"நாலு நாளா?"

"நாலு நாளாவே தெரியாதும்மா."



"ஒரு ஆளு எதுக்காக சென்சார் கிட்டேர்ந்து ஒளிஞ்சிக்குவான்?" தனக்கொடி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டே கேட்டாள். "குடியா?"

"குடிக்க மாட்டாரு. ஆனா..." சகாயராணி முந்தானையை முறுக்கினாள். "சித்திரைல கரும்பு கும்பல்ல சேந்தாருக்கா. டிராக்டர்னா அவரு ஹெல்பர்தான், ஒத்தாசை ஆளு. கரும்புன்னா எல்லாரும் போல தனி ஆளு. நம்பர் எழுவதுக்கு எறங்கினா நான் போன் பண்ணுவன், உக்காந்து பிஸ்கட் தின்னுன்னு. ஒரு நாளைக்கு நாலு தடவ. மேஸ்திரி எல்லார் முன்னாடியும், 'இன்னாடா, உம் பொண்டாட்டி பால் குடுக்கக் கூப்புடறாளா'ன்னு கேட்டுருக்காரு. நாளைலேர்ந்து வராதன்னும் சொல்லிட்டாரு. நீ வுழுந்து கெடந்தா பழி எந்தலைலன்னு. ஒரு வாரம் எங்கிட்ட அவரு பேசல."



உழைப்பும் இன்சுலினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எழிலரசனுக்குத் தெரியும். தனக்கொடியோடு இருந்து தெரிந்துகொண்டதுதான். சர்க்கரை இறங்கினால் நல்ல உடம்பு தானாகவே இன்சுலினை நிறுத்திக்கொள்ளும். ஊசியில் போன இன்சுலினுக்குக் காது கிடையாது. போதும் என்று யார் சொல்லியும் நிற்காது. வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் சதை சர்க்கரையை இன்னும் வேகமாக இழுக்கும். முதலில் கை நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும். பிறகு, பையில் பிஸ்கட் இருக்கிறது என்பதையே மூளை மறந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த அலாரம். அலாரம் இன்னொருத்தன் கையில்.

"போன் எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சிடலாம்க்கா. எனக்குத் தெரிஞ்ச பையன்..."

"போன் இருக்கற எடத்துல அவரு இல்ல எழிலு. அதான் பிரச்சனயே. சகாயராணி, அவரு சிநேகிதங்கள்ல செவ்வாய்க்கெழம விரதம் யாரு? மத்தியானம் கைய மடக்கிப் படுக்கற ஆளு?"

அவள் யோசிக்கவே இல்லை. "கண்ணையன் அண்ணன். மதகடிப்பட்டுல பஞ்சர் கடை. கொழந்த வேணும்னு ஆறு வருஷமா முருகனுக்கு செவ்வாய்க்கெழம ஒரு வேளதான்."

தூக்குவாளியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

*

வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டுக்குப் போகும் விழுப்புரம் சாலை புதுச்சேரிக்குள் ஓடி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரிக்கு வரும். எழிலரசனின் பழைய ஆம்னி வேன் அதை இருபது நிமிஷத்தில் கடந்தது. பின் சீட்டில் சகாயராணி போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். 104. 103. 104.

"அதப் பாக்காதம்மா" என்றாள் தனக்கொடி.

"தெரியுதுக்கா. கண்ணு போவுது."

சந்திப்பைத் தாண்டி வேப்பமரத்தடியில் பஞ்சர் கடை. ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்தது, ஆனால் வெயில் குறையவில்லை. நாலு ஆண்கள் இருந்தார்கள். இரண்டு பேர் பனியனோடு, ஒருவர் வெறும் துண்டோடு. நாலாவது ஆள் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உன் ஆராய்ச்சியெல்லாம் வீணாப் போச்சி" என்றான் எழிலரசன். "சட்டயப் பாத்தா சின்னக் கொழந்தயே சொல்லிடும்."

சகாயராணியைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த டியூப் நழுவித் தொட்டியில் விழுந்தது.

"கண்ணையா அண்ணே, சட்டயக் கழட்டு."

"இன்னா தங்கச்சி, வந்ததும் வராததுமா..."

"கழட்டுண்ணே!"

அவன் கழற்றினான். இடது புஜத்தில் கிரீஸ் கறைக்கு நடுவே வெள்ளையாக அந்த வட்டம் இருந்தது. பழைய டயர் ஒன்றுக்குள்ளிருந்து சாக்கில் சுற்றிய போனை எடுத்தான். பதினேழு தவறிய அழைப்புகள்.

"அவனேதான் ஒட்டி வுட்டான் தங்கச்சி. மடுகரைல கரும்புக்கு காஞ்ச சோகை உரிக்கறாங்க, பதினஞ்சு நாளு வேல. சென்சார எப்பவோ வுட்டுட்டன், இப்ப நல்லா ஆயிட்டன்னு மேஸ்திரிகிட்ட சத்தியம் பண்ணிட்டு சேந்துருக்கான். 'மச்சான், பதினஞ்சு நாளு என்ன யாரும் போன் பண்ணிக் கூப்புடக் கூடாதுடா, நானும் எல்லார மாதிரியும் ஒரு வரிச, ஒரு சால் முழுசா முடிக்கணும்டா'ன்னு எங்கைய புடிச்சிட்டு அழுதான். நான் எப்பிடி முடியாதுன்றது?"

"இப்ப எங்க?" என்றாள் தனக்கொடி.

"ஒரு மணிக்கு வேல முடிஞ்சிடும். ரெண்டு மணிக்கெல்லாம் இங்க வந்துடுவான். ராவுக்கும் இங்கதான் படுக்கறான், இங்கேர்ந்துதான் தங்கச்சிக்குப் போன் பண்றான்."

"இப்ப மூணு அஞ்சு."

"ஆமா." கண்ணையன் மரத்தில் சாய்த்திருந்த சைக்கிளைக் காட்டினான். "வரலியேன்னு நானும் சைக்கிள எடுத்தன். எதுக்கும் பாப்பம்னு போனப் பாத்தன். நூத்தி ரெண்டுன்னு இருந்துது. அவனுக்கு நல்லாத்தான இருக்குது, எங்கியாவது டீ குடிச்சிட்டு வருவான்னு உக்காந்துட்டன்."

ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 

"அது உன்னுதுண்ணே" என்றாள் சகாயராணி, கோபமே இல்லாமல்.

கண்ணையன் போனைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். இது மாதிரி ஒரு முட்டாள்தனத்துக்கு எழிலரசன் எப்போதும் தயாராக ஒரு வரி வைத்திருப்பான். ஆனால் நாலு நாள் அந்த எண்ணைப் பார்த்தவர்கள் எல்லாரும் செய்தது அதே தவறுதான். மெழுகுவத்தி ஏற்றியவள், திருப்பி அனுப்பிய ஸ்டேஷன், எல்லாரும்.

"ஏறு வண்டில. அந்தப் போனையும் எடுத்துக்க" என்றான் கண்ணையனிடம்.

போகும்போதே மேஸ்திரி இன்னாசிமுத்துவைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் கும்பல் லோடு ஆட்டோவில் போகும் இரைச்சல். "நாங்க ஒண்ணே காலுக்கே கரையேறிட்டமே! அன்பு பாதி சால் பாக்கின்னான். 'நீங்க போங்க, முடிச்சிட்டு வரன்'னான். நாலு நாளா நல்லாத்தான செஞ்சான்? ஏன், இன்னா ஆச்சி?"

அவரிடம் இடத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்து தனக்கொடி ஆம்புலன்சை அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள். "பேஷன்ட் நினைவோட இருக்காரா மேடம்?"

"நாங்க இன்னும் அவரப் பாக்கல."

"பாக்கலியா?"

"சக்கரை இறங்கி விழுந்திருப்பார்னு நெனைக்கறோம். மடுகரை, வாய்க்கா பாலம், தங்கவேல் கரும்புத் தோட்டம். குளுக்கோஸ் டிரிப் வேணும்."

"அந்த எடம் புதுச்சேரி பக்கமா, தமிழ்நாடு பக்கமா மேடம்?"

தனக்கொடி கண்ணையனைத் திரும்பிப் பார்த்தாள். "அஞ்சு காணி" என்றான் அவன். "ரெண்டு காணி அங்க, மூணு காணி இங்க."

"பாலத்துக்கு வரச் சொல்லுங்கம்மா. எந்தப் பக்கத்து வண்டியா இருந்தாலும் சரி."

*

ஆடி மாதத்துக் கரும்பு ஓர் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். உள்ளே இரண்டு சால் தள்ளி யானை நின்றாலும் தெரியாது. காற்று வேறு. ஐந்து காணித் தோகையும் ஒன்றோடொன்று உரசி எழுப்பிய சத்தத்தில், "அன்பு! அன்பூ!" என்று கண்ணையன் கத்தியது அவன் வாயருகிலேயே கரைந்தது. சகாயராணி கண்ணுக்குத் தெரிந்த முதல் இடைவெளியில் புகுந்தாள்.

"நில்லு! அப்பிடித் தேடினா பொழுது போயிடும்." தனக்கொடி வரப்பில் மூச்சு வாங்க நின்றாள். "எழிலு, சோகை உரிச்ச கரும்பு எப்பிடி இருக்கும்?"

"மொட்டயா. காஞ்ச எலையெல்லாம் உருவி அடில போட்டுருப்பாங்க. கரும்பு பளிச்சுனு தெரியும்."

"உரிக்காதது?"

"தாடி வெச்ச மாதிரி..." அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சால். முடித்தவர்கள் அந்தக் கரை வரை மொட்டையடித்துவிட்டுப் போயிருப்பார்கள். பாதியில் நிற்கும் சால் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

வரப்போடு ஓடினான். ஒவ்வொரு சாலிலும் குனிந்து பார்த்தான். அந்த முனை வரை வெளிச்சம். அடுத்தது, வெளிச்சம். அதற்கடுத்ததும். பதினோராவது சாலில், நூறு அடிக்கு அப்பால் சோகை திரைபோல மூடியிருந்தது. உள்ளே நுழைந்தான். தோகை விளிம்பு கன்னத்தில் கோடு போட்டது. மொட்டைக் கரும்பு முடியும் இடத்தில், உருவிய சோகை மெத்தை மாதிரி குவிந்திருந்த இடத்தில், முதலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

அன்புராஜ் குப்புறக் கிடந்தான். சட்டை குளத்தில் முக்கியெடுத்ததுபோல நனைந்திருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. மூச்சு வந்தது. நாலு எட்டுக்கு அப்பால் ஒரு கரும்பில் மஞ்சள் பை தொங்கியது. அதில் ஒரு பாக்கெட் பிஸ்கட், பிரித்து, ஒன்றே ஒன்று எடுத்த பாக்கெட். அவன் முகம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

"இங்க! இங்க வாங்க!" எழிலரசன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. வரப்புக்குத் திரும்ப ஓடி, மற்றவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருந்தது.

சகாயராணி அன்புராஜைப் புரட்டி மடியில் போட்டாள். கன்னத்தில் தட்டினாள். "இன்னாங்க, நான்தான், இங்க பாருங்க." இமைக்குக் கீழே வெள்ளை மட்டும் தெரிந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒரே தாவலில் ஒரு கரும்பை ஒடித்துப் பல்லால் கிழித்து, இரண்டு கையாலும் முறுக்கி அவன் வாய்க்கு மேலே பிடித்தாள்.

தனக்கொடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுக்கா! சக்கரைதான வேணும்? சுத்தியும் சக்கரைதான?"

"முழுங்க மாட்டாரும்மா. நெனவு இல்லாத ஆளுக்கு ஊத்தினா வயித்துக்குப் போவாது, நெஞ்சுக்குப் போயிடும். மூச்சு அடைச்சிடும்."

"அப்ப இன்னாதான் செய்யறது?"

தனக்கொடி அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தன் பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து, விரலில் ஒரு சிட்டிகை தொட்டு அவன் கன்னத்தின் உட்புறம் தடவினாள். இன்னொரு சிட்டிகை. "இது பத்தாது" என்றாள். "நம்ம கை சும்மா இருக்கக் கூடாதுன்னு செய்யறதுதான்."

ஐந்து காணிக் கரும்பு. ஒவ்வொரு கழியிலும் அடியிலிருந்து நுனிவரை சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு ஆள் ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லாமல் கிடந்தான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது போன் அலறியது.

சகாயராணி துள்ளி எழுந்தாள். "அவருதா?"

அது தனக்கொடியின் போன். திரை சிவப்பாக இருந்தது. 61, அம்பு கீழ்நோக்கி. மதிய ஊசி போட்டுவிட்டு, மாடிப்படி இறங்கி, வரப்பில் ஓடிய உடம்பு. அவள் கை நடுங்குவதை எழிலரசன் அப்போதுதான் பார்த்தான்.

"அக்கா, தின்னு."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். சகாயராணியைப் பார்த்தாள்.

"தின்னுங்கக்கா" என்றாள் சகாயராணி. "உங்களால முழுங்க முடியுது இல்ல."

தனக்கொடி குளுக்கோஸ் பொடியை வாயில் கொட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தொண்டை அசைந்ததை மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். "எழிலு" என்றாள் சிறிது நேரம் கழித்து, "ஏதாச்சும் பேசுய்யா."

அவன் எழுந்து பாலத்துக்கு ஓடினான், வழி காட்ட. அதுவும் கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆம்புலன்ஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவன் கவனிக்கவில்லை. பெட்டியோடு ஓடிவந்த பெண் அன்புராஜின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். "இருபத்தொம்பது" என்றாள். நாலு நாளில் வந்த அவனுடைய முதல் எண் அதுதான். கையில் ஊசி ஏற்றி, குளுக்கோஸ் பாட்டிலை எழிலரசனிடம் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். அவன் கரும்பின் உயரத்துக்குப் பிடித்தான். கை கடுத்தது. மாற்றிக்கொள்ளவில்லை.

எட்டு நிமிஷம் ஆயிற்று. அன்புராஜின் விரல் சோகையைப் பற்றியது. கண் திறந்தது. மனைவியைக் கண்டுபிடிக்க அதற்குச் சற்று நேரம் பிடித்தது. உதடு அசைந்தது, சகாயராணி குனிந்தாள்.

"மேஸ்திரிகிட்ட சொல்லிடாத" என்றான். "பாதி சால்தான். நாளைக்கி வந்து முடிச்சிடறன்."

 பழக்கத்தில் அவள் கை போனைத் திருப்பிப் பார்த்தது.

147. அம்பு மேல்நோக்கி.

பயந்தால் ஈரல் தன்னிடம் சேர்த்துவைத்த சர்க்கரையை எடுத்துக் கொட்டிவிடும். நல்ல உடம்புக்கும் அப்படித்தான். ஆனால் வாய்க்காலில் வந்த தண்ணீர் கழனிக்குள் ஊற நேரம் ஆவதுபோல, ரத்தத்தில் ஏறியது தோலுக்கடி நீருக்கு வந்துசேரப் பத்து நிமிஷம் பிடிக்கும். திரையில் இருந்தது கண்ணையனின் பத்து நிமிஷத்துக்கு முந்தைய பயம்.

வரப்புக்கு அப்பால், வாய்க்காலின் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கண்ணையன் அழ ஆரம்பித்திருந்தான். அது அவளுடைய போனுக்கு இன்னும் வரவில்லை.